ரப்பர் விளையை அடகு வைத்து ஸ்டெம் செல் ஏற்றலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. பார்க்கின்சன் (நடுக்குவாதம்) வந்து 7 வருடம். மாத்திரை போட்டால் இரண்டரை மணி நேரம்தான் நடமாட்டம். வயிற்றுக் கொழுப்பில் ஸ்டெம் செல் (வேறு செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) எடுத்து டிரிப்பில் ஏற்றினால் குணமாகும், 5 லட்சம் ஆகும் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து வீடியோ காட்டினார். விளையை அடகு வைக்கலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம். அப்பாவுக்கு அழிந்துபோனவை உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற பொருளை மூளையில் சுரக்கும் செல்கள். கொழுப்பில் எடுத்த செல் அங்கே போய் அந்த வேலையைப் பார்க்காது. டிரிப்பில் ஏற்றியதில் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்ளும்.

இப்படி வீடு தேடி வரும் தரகர்கள் ஆதாரமாகக் கையில் வைத்திருப்பது 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வந்த இரண்டு ஆய்வுகளை. ஒன்றில் 12 பேர், கியோட்டோவில் நடந்த மற்றதில் 7 பேர். அங்கே ஸ்டெம் செல்லை டோபமின் செல்லாகும் நிலைவரை ஆய்வகத்தில் வளர்த்து, மண்டையோட்டில் துளையிட்டு மூளைக்குள் வைத்தார்கள். உடல் அதைத் தள்ளிவிடாதிருக்க ஒரு வருடமாவது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. பாதுகாப்பானதா என்று பார்ப்பதே முதல் நோக்கம். உங்கள் வீட்டுக்கு வந்த சரக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த வீடியோவையும் நம்பாதீர்கள். 'முன்பு' என்பதைக் காலை மாத்திரைக்கு முன்னாலும், 'பின்பு' என்பதை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்தும் எடுத்தால் போதும். அப்பாவையே அப்படி எடுத்துப் பாருங்கள், காசு செலவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி, குறிப்பிட்ட ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை, ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை தவிர வேறெதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று விற்கக் கூடாது. விதி காகிதத்தில் இருக்கிறது, நோட்டீஸ் வீடுவீடாகப் போகிறது, கேட்க நாதியில்லை.

விதிவிலக்கு ஒன்றுதான்: அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வு. "நாங்களும் ஆய்வுதான்" என்று மருத்துவ ஆய்வுகளைப் பதியும் அரசுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் எண்ணை நீட்டுவார்கள். அது வெறும் பதிவு எண், அனுமதி அல்ல. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதிக் கடிதம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தமிழில் ஒப்புதல் படிவம், பாதிப்பு வந்தால் இழப்பீடு யார் தருவது என்ற விவரம், நான்கையும் கேளுங்கள். அதற்கும் மேல் ஒன்று: சோதிக்கப்படும் செல்லுக்கு நோயாளியிடம் காசு கேட்டாலே அது ஆய்வு இல்லை. 'பாதிக் கட்டணம்', 'பதிவுக் கட்டணம்' எல்லாம் அதே கதைதான்.

இப்போது செய்ய வேண்டியது: மாத்திரை போட்ட நேரம், கை கால் இளகிய நேரம், மறுபடி இறுகிய நேரம், சாப்பிட்டது என்று நான்கு நாள் எழுதுங்கள். மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள். மீனும் பயறும் போன்ற புரதம் வயிற்றில் இருந்தால் மருந்து ஏறாமல் தடுக்கும். மரச்சீனியும் மீன்கறியும் ராத்திரிக்குப் போகட்டும். இரும்புச் சத்து மாத்திரைக்கு 2 மணி நேர இடைவெளி வேண்டும். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கு ஸ்டெமெடில், சின்னாரிசின் என்று மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு வாங்காதீர்கள்; நடுக்கமும் இறுக்கமும் கூடும். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தவே கூடாது.

மாத்திரை கேட்கிறது, ஆனால் அதன் பலன் நீடித்து நிற்கவில்லை என்றால் மூளையில் மின்முனை பொருத்தும் டி.பி.எஸ். பொருந்துமா என்று பார்க்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவமனையில் செய்கிறார்கள். அந்த நான்கு நாள் குறிப்பைக் கொண்டுபோங்கள். டாக்டருக்கு உங்களுக்காக ஒதுக்க கொஞ்ச நேரம்தான் இருக்கும், பேச்சை விட அதுவே உதவும்.

தரகருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காமல் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள்.