ஸ்லோ குக்கரில் எட்டு மணி நேரம் வைத்தும் போர்க் சாப்ஸ் நார் நாராகப் போவது ஏன்?

எட்டு மணி நேரம் வைத்ததால்தான்.

இத்தோடு விட்டாலே பதில் முடிந்தது. ஆனால் இதே வேலையை மாமனார் முன்னால் செய்துவிட்டு நாலு வருடமாக ஏச்சு வாங்குகிறவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்லோ குக்கர் என்பது குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பானை. உங்களுக்கும் அந்தப் பானையை வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்துதான் கொடுத்திருப்பார்கள். நம்மில் யார் காசு கொடுத்து ஸ்லோ குக்கர் வாங்குகிறோம்? எனக்கு அக்கா கொண்டுவந்தாள். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். நல்லவேளை, அங்கேயும் 230 வோல்ட்தான். பிளக்கின் சதுரக் கால்களுக்கு மட்டும் ஒரு அடாப்டர் வாங்கினேன். உங்களுடையது அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் அடியில் எழுதியிருப்பதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். 120 வோல்ட் பானையை நம் பிளக்கில் நேராகச் செருகினால் அன்றைக்கே அதற்கு அடக்கம்தான்.

"இதுல போட்டுட்டு நீ பாட்டுக்கு வேலையப் பாரு, வெண்ணெ மாதிரி வெந்து கெடக்கும்" என்றாள். நான் கன்னியாகுமரி மாவட்டம், திருவட்டாறு பக்கம். ரப்பர் வெட்டு. விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால், பாலெடுத்து ஷீட் அடித்து முடிக்கப் பதினொரு மணி ஆகிவிடும். போட்டுவிட்டுப் போகலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

கிறிஸ்துமஸுக்கு மாமனார் வீட்டிலிருந்து வருகிறார்கள் என்றதும், சாதாரணப் பன்றிக்கறி வேண்டாம், சாப்ஸ் போடலாம் என்று முடிவு செய்தேன். இங்கே பன்றிக்கறி வாங்கியவர்களுக்குத் தெரியும். ஒரு தகரக் கொட்டகை, ஒரு புளியங்கட்டை, ஒரு வெட்டுகத்தி. தோல், நெய் (கொழுப்பைத்தான் அப்படிச் சொல்வோம்), எலும்பு, சதை எல்லாம் கலந்து கொத்தி, தேக்கிலையில் பொதிந்து தருவார்கள். எந்த இடத்துக் கறி என்று யாரும் கேட்பதில்லை. நெய் கூடவா, குறைச்சலா என்பதுதான் பேச்சு. நான் போய், "அண்ணே, சாப்ஸ் வேணும்" என்றேன்.

"சாப்ஸ் ஆட்டுக்குத்தான் தம்பி. பன்னிக்கு எறச்சிதான்."

போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நடுமுதுகுல நெய்யில்லாத எடம். இது எதுக்குத் தம்பி ஒனக்கு? ருசியே இருக்காதே." அந்த மனிதர் சொன்னதை அன்றைக்கே காதில் வாங்கியிருக்க வேண்டும். நான் அதற்கு மேலும் ஒரு படி போய், ஓரத்தில் இருந்த நெய்யையும் எலும்பையும் நீக்கி, அரை அங்குலத்துக்கு மெலிசாகச் சீவச் சொன்னேன். மாமனாருக்குக் கொலஸ்ட்ரால் இருக்கிறதே என்ற அக்கறை.

இரவு பத்து மணிக்குப் பானையில் அடுக்கி, தண்ணீர் விட்டு, லோவில், அதாவது குறைந்த சூட்டில் வைத்துவிட்டு நள்ளிரவு ஆராதனைக்குப் போனோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்க நல்லமிளகும் பூடும் மணக்கிறது. அப்போதே ஒரு துண்டு எடுத்துத் தின்று பார்த்திருந்தால் பிழைத்திருப்பேன். எட்டு மணி நேரம் என்றால் எட்டு மணி நேரம் என்று போய்ப் படுத்துக்கொண்டேன்.

காலையில் ஆப்பத்தோடு பரிமாறினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, சாற்றுக்குள் மூழ்கிக் கிடந்தது. மாமனார் ஒரு வாய் மென்றார். நின்றார். மறுபடியும் மென்றார். பிறகு இரண்டு விரலால் பல்லிடுக்கிலிருந்து ஒரு நாரை உருவித் தட்டின் ஓரத்தில் வைத்தார். இன்னொன்று. மூன்றாவதையும் பக்கத்தில் நேராக வைத்துவிட்டு, "மருமோனே, இதத் திரிச்சா பசுவுக்குக் கயிறாகும்" என்றார். மச்சினன் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. அன்றைக்கு ஆப்பத்துக்கு முட்டைக்கறிதான் ஓடியது.

சரி, அதிகம் வெந்ததுதான் குற்றம் என்று நினைத்துக்கொண்டு ஈஸ்டருக்கு அடுத்த கூத்து. இந்தத் தடவை அண்ணனிடம் நல்ல கறியாகப் பார்த்துக் கொடுங்கள் என்றேன். தோள்பட்டையிலிருந்து கனமாக வெட்டிக் கொடுத்தார். நான் புத்திசாலித்தனமாக மூன்றே மணி நேரத்தில் நிறுத்தினேன். விளைவு, ஒட்டுப்பால். ரப்பர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பால் வெட்டின பட்டையிலும் சிரட்டையிலும் ஒட்டி உலர்ந்து கிடப்பதுதான் ஒட்டுப்பால். சின்ன வயதில் அதை உருட்டித்தான் பந்து செய்வோம். கடித்தால் பல் பின்னுக்கு வரும்.

அக்காவிடம் போனில் சொன்னால், "ரெசிபிய ஒழுங்காப் படிச்சியா?" என்கிறாள். இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பெட்டியில் ஒரு பானையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாதம் ஒரு தடவை "யூஸ் பண்றியா, போட்டோ அனுப்பு" என்று கேட்பது சுலபம். அம்மாவுக்கு முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதும், பிரஷர் மாத்திரை முடியும் முன்னே வாங்கி வைப்பதும், ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ பிடிப்பதும் பெட்டியில் வராது. குடும்பத்து முப்பது சென்ட் நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் எல்லோருக்கும் ஊர் ஞாபகம் வந்துவிடும். விடுங்கள். அவள் கெட்டவள் இல்லை. பனியில் நைட் டூட்டி பார்க்கிறவள்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு தடவையும் பானை அதே பானைதான். பன்றியின் எந்த இடத்துக் கறி என்பதும், வெந்த நேரமும்தான் மாறின. நடுமுதுகுச் சதை அதிகம் உழைக்காத சதை. அதில் நெய்யும் குறைவு, சதையைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் என்ற சவ்வும் குறைவு. அது ஏற்கெனவே மென்மையானதுதான், நாம் கெடுக்காமல் இருந்தால் போதும். சூடு ஏற ஏறச் சதை இழைகள் சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். சுற்றிலும் சாறு நிற்பதால் கறி வறளாது என்று நானும் நம்பியிருந்தேன். சாற்றுக்குள் கிடந்தபடியேதான் வறண்டு போகும், அந்தச் சாறே அதிலிருந்து வந்ததுதான். தோள்பட்டை அப்படி இல்லை. நாள் முழுக்க நடந்து உழைத்த சதை, சவ்வு நிறைய. அந்தச் சவ்வு 70 டிகிரிக்கு மேலே மணிக்கணக்காகக் கிடந்தால்தான் கரைந்து ஜெலட்டின் ஆகும். இழைகள் அங்கேயும் நீரை விடத்தான் செய்யும், ஆனால் கரைந்த ஜெலட்டினும் நெய்யும் பூசிக்கொள்வதால் வாயில் வழுவழு என்று போகும். பாதியில் நிறுத்தினால் நீரும் போய், சவ்வும் கரையாமல், இரண்டும் கெட்ட நிலை.

இந்தப் பானை பிறந்ததே அந்த மாதிரி நேரம் எடுக்கிற சாமான்களுக்குத்தான். அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் இதற்கு 1940-ல் காப்புரிமை வாங்கினார். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளுக்காகப் பயறும் இறைச்சியும் சேர்த்து ஒரு குழம்பை பேக்கரி அடுப்புச் சூட்டில் இரவு முழுக்க வைப்பார்களாம். அம்மாவிடம் கேட்ட அந்தக் கதைதான் அவருக்குத் தூண்டுதல். 1971-ல்தான் கிராக் பாட் என்ற பெயரில் வீடு வீடாகப் போனது. பன்றியைத் தொடாதவர்களின் சமையலில் பிறந்த பானையில் நாம் பன்றிச் சாப்ஸ் வைத்துவிட்டு, சரியாக வரவில்லை என்கிறோம்!

அதனால் உங்களுக்கு இரண்டு வழி. நேரம் உங்கள் கையில் இல்லை, போட்டுவிட்டு வெளியே போக வேண்டும் என்றால் தோள்பட்டையிலிருந்து எலும்போடு கனமான துண்டாக வாங்குங்கள், லோவில் ஏழு, எட்டு மணி நேரம் விடுங்கள். இல்லை, எனக்கு அந்த நடுமுதுகுச் சாப்ஸ்தான் வேண்டும் என்றால் வீட்டில் இருக்க வேண்டும். நான் இப்போது செய்வது இதுதான். ஒன்றரை அங்குலக் கனம், எலும்போடு. ஓரத்து நெய்யை எடுக்காமல், சுருண்டுகொள்ளாதபடி இரண்டு இடத்தில் கீறி விடுவேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி கரைத்து, அதில் முக்கி இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில். கரண்டிக் கணக்கை நம்பாதீர்கள், கல்லுப்புக்கும் பொடியுப்புக்கும் எடை மாறும். உப்பு உள்ளே போனால் சதை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த ஒரு படிதான் பாதி வித்தியாசம். அப்புறம் எடுத்துத் துணியால் ஈரம் போக ஒற்றி, நல்லமிளகு, மஞ்சள், பெருஞ்சீரகப் பொடி தடவி, இரும்புச் சட்டியில் தேங்காயெண்ணெய் காய்ந்ததும் ஒவ்வொரு பக்கமும் இரண்டு நிமிடம். சத்தம் கேட்க வேண்டும். சத்தம் வராவிட்டால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம்.

அதே சட்டியில் சின்ன உள்ளி, பூடு, இஞ்சி, கறிவேப்பிலை, தேங்காய்க்கொத்து வதக்கிப் பானையின் அடியில் பரப்பி, மேலே சாப்ஸ். தண்ணீர் அரை டம்ளர் போதும், இந்தப் பானையில் ஆவி வெளியே போகாது. வினிகர் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம். தேங்காய்ப்பால் விடுகிறவர்கள் கடைசி கால் மணி நேரத்தில் விடுங்கள், முன்னாலேயே விட்டால் திரிந்துபோகும். லோவில் மூன்று மணி நேரம் சுமார். இரண்டரை மணியிலேயே தெர்மாமீட்டர் குத்திப் பார்த்துவிடுங்கள். அதற்கு முன்னால் மூடியைத் திறந்து திறந்து மோந்து பார்க்காதீர்கள். திறந்தால் போன சூடு திரும்ப இருபது நிமிடம் ஆகும். என் மனைவிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

இங்கேதான் சண்டைக்கு வருவார்கள். அமெரிக்க வேளாண்துறை 2011-லேயே முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கு உள்ளே 63 டிகிரி சூடும், இறக்கி மூன்று நிமிடம் ஆறவிடுவதும் போதும் என்று சொல்லிவிட்டது, தெரியும். அது அவர்கள் ஊர்ப் பண்ணைப் பன்றிக்கு. எங்கே மேய்ந்தது என்று தெரியாத பன்றியை நான் 71-க்குக் குறைந்து இறக்க மாட்டேன். உப்பில் ஊறியிருப்பதால் 71-லும் மெத்தென்றுதான் இருக்கிறது. உடனே, பன்றி தின்றால் மூளையில் புழு வரும் என்று ஒருவர் வருவார். நாடாப்புழு முட்டை அழுக்குக் கை, கழுவாத காய்கறி வழியாக வயிற்றுக்குள் போனால்தான் மூளையில் கட்டி வரும். சுத்த சைவக்காரருக்கும் வரலாம். அரைவேக்காட்டுக் கறியால் வருவது குடலில் நாடாப்புழு. இரண்டும் வேண்டாம் என்றால் கையைக் கழுவுங்கள், கறியை வேகவையுங்கள்.

பிரஷர் குக்கரில் ஆறு விசில் விட்டால் முடிந்ததே என்பவர்களுக்கு: ஆமாம், முடியும். தோள்பட்டை கலந்த கறியை நானும் மாதத்தில் மூன்று ஞாயிறு அப்படித்தான் வைக்கிறேன். கேட்டவர் ஸ்லோ குக்கரைப் பற்றிக் கேட்டார்.

ஒன்று விட்டுப்போனது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டிக் கறியை அப்படியே பானையில் போடாதீர்கள், சூடேற நேரமாகும், அதற்குள் கிருமி பெருகும். கரண்ட் போனாலும் இதே கதைதான். வேக ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் போய்விட்டால் வரும் வரும் என்று உட்கார்ந்திருக்காமல் கேஸ் அடுப்புக்கு மாற்றிவிடுங்கள். போன துலாமாத (ஐப்பசி) மழையில் எனக்கு அப்படித்தான் ஆனது. பானையில் தோள்பட்டைக் கறி, கூடவே மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவித்து வைத்திருந்தேன், மாமனார் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், கரண்ட் போய்விட்டது. மண்சட்டிக்கு மாற்றி, மேலே தட்டைக் கவிழ்த்து, சின்னத் தீயில் இரண்டு மணி நேரம். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். அது பானையில் வெந்தது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். அக்காவுக்கும் அந்தப் போட்டோவைத்தான் அனுப்பினேன்.