மூன்று நாள் சகாரா டூரில் சோலை ஊர்கள் எத்தனை?

கேள்வி: நான், கணவர், 68 வயது மாமியார் மூவரும் அக்டோபரில் மொராக்கோ போகத் திட்டமிடுகிறோம். மராகேஷில் புறப்பட்டு மராகேஷிலேயே முடியும் மூன்று பகல், இரண்டு இரவு குரூப் டூர் ஒன்றை ஏஜென்ட் காட்டுகிறார். "பாலைவனச் சோலை ஊர்கள் எல்லாம் இதிலேயே வந்துவிடும்" என்கிறார். எங்களுக்கு மணல்மேட்டைவிட அந்த ஊர்களையும் பேரீச்சந்தோப்புகளையும் பார்க்கத்தான் ஆசை. மூவரும் சைவம். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. அவர் ஒட்டகத்தில் ஏறலாமா? இந்த டூர் போதுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: போதாது. ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. அந்த ஊர்கள் எல்லாம் வழியில் வரத்தான் செய்யும், ஆனால் வண்டி நிற்காது.

கணக்கைப் பாருங்கள். முதல் நாள் மராகேஷிலிருந்து டாடெஸ் பள்ளத்தாக்கு வரை சுமார் 320 கிலோமீட்டர். இதில் 2,260 மீட்டர் உயரத்திலுள்ள டிஷ்கா கணவாயின் வளைவுச் சாலையும் அடக்கம். இரண்டாம் நாள் அங்கிருந்து மெர்ஸூகா மணல்மேடு வரை சுமார் 250. மூன்றாம் நாள் மெர்ஸூகாவிலிருந்து மராகேஷ் திரும்ப சுமார் 560, அதாவது பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார்ந்தே வர வேண்டும். மூன்று நாளில் 1,100 கிலோமீட்டருக்கு மேல். இந்த டூர் ஒட்டகச் சவாரி, மணலில் சூரிய அஸ்தமனம், கூடாரத்தில் ஓர் இரவு ஆகியவற்றுக்காகக் கட்டப்பட்டது. மற்றதெல்லாம் கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் நிற்கும் இடங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். முதல் இரவு தங்கவைக்கும் டாடெஸ் பள்ளத்தாக்கு 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பேரீச்சைக்கு அந்தக் குளிர் ஆகாது. அங்கே அத்தி, பாதாம், பாப்ளர் மரங்களைப் பார்க்கலாம். அழகான இடம்தான். ஆனால் நீங்கள் கேட்கும் தோப்பு அதற்கு முன்னால் ஸ்கூராவிலும் பின்னால் டிங்கிரிலும் இருக்கிறது. மூன்று நாள் டூரில் இந்த இரண்டையும் பெரும்பாலும் ஜன்னல் வழியாகத்தான் கடப்பீர்கள்.

எங்கள் யோசனை ஐந்து பகல், நான்கு இரவு. முதல் நாள் மராகேஷிலிருந்து அய்த் பென்ஹத்து என்னும் பழைய மண் ஊரைப் பார்த்துவிட்டு ஸ்கூராவில் தங்கல், சுமார் 240 கிலோமீட்டர். இரண்டாம் நாள் காலை ஸ்கூராத் தோப்பு, மதியத்துக்கு மேல் டிங்கிர் போய்த் தங்கல். மூன்றாம் நாள் காலை டிங்கிர்த் தோப்பும் டோட்ரா மலையிடுக்கும், பிறகு பழைய நீர்ச்சுரங்கங்கள் உள்ள ஃபெஸ்னா வழியாக மெர்ஸூகா. அன்று கிராமத்து விடுதியிலேயே தங்குங்கள். நான்காம் நாள் காலை ரிஸ்ஸானி சந்தை, மாலை மணல்மேடு, இரவு கூடாரம். ஐந்தாம் நாள் மராகேஷ் திரும்பாமல் ஃபெஸ் நகருக்குப் போய்விடுங்கள். தூரம் சுமார் 470 கிலோமீட்டர். பேரீச்சை நிறைந்த ஸிஸ் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஃபெஸ் உங்கள் திட்டத்தில் இல்லையென்றால், மெர்ஸூகாவிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரில் எர்ராஷிடியா விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து காஸபிளாங்காவுக்கு விமானம் உண்டு, ஆனால் தினமும் கிடையாது. ஆகவே முதலில் விமான நாளைப் பார்த்து, மற்ற நாட்களைப் பின்னோக்கி எண்ணி அமையுங்கள்.

புறப்படும் கிழமையும் முக்கியம். ரிஸ்ஸானி சந்தை ஞாயிறு, செவ்வாய், வியாழன் மட்டுமே. மேலே சொன்ன திட்டத்தில் திங்கள், வியாழன், சனி ஆகியவற்றில் ஒரு நாள் புறப்பட்டால் நான்காம் நாள் சந்தை நாளாக அமையும். சிஜில்மாஸா என்ற பழைய வணிக நகரம் இருந்த இடம்தான் ரிஸ்ஸானி. கி.பி. 757-இல் எழுந்த அந்த நகரம் சகாராவைக் கடந்துவந்த தங்கத்தில் செழித்தது. இன்று இடிந்த மண்சுவர்கள்தான் மிச்சம். சந்தையோ உயிரோட்டமாக நடக்கிறது: கழுதைகளை நிறுத்த ஒரு தனி மைதானம், ஆட்டுச் சந்தை, பேரீச்சம்பழ வரிசை. காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள்.

தோப்பில் எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போனால் ஒன்றரை மணி நேர நடை வீணாகாது. மூன்று அடுக்குச் சாகுபடி அது. மேலே பேரீச்சை, அதன் நிழலில் மாதுளை, ஒலிவம், அத்தி, தரையில் குதிரைமசால், பார்லி, மொச்சை இனத்து அவரை. பனையோலை போன்ற அந்த ஓலைக் கூரை இல்லையென்றால் கீழ்ப்பயிர் வெயிலில் கருகிவிடும். செகியா என்னும் மண் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். யாருக்கு எத்தனை நேரம் என்று முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். ஒருவர் முறை முடிந்ததும் மடையை மண்ணால் அடைத்து அடுத்தவருக்குத் திறந்துவிடுவார்கள். நடுவில் குருத்து காய்ந்து மொட்டையாக நிற்கும் மரங்கள் தென்பட்டால், பலவற்றுக்குக் காரணம் வறட்சி. சிலவற்றுக்கு பாயூத் என்னும் பூஞ்சை நோய். அது மண்வழியாக வேருக்குப் பரவும், மருந்து கிடையாது.

வரப்பு குறுகல், வாய்க்கால் ஓரம் வழுக்கும். பிடிப்புள்ள காலணி வேண்டும். உள்ளூர் வழிகாட்டியை விடுதி மூலமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கூலியைப் பேசும்போதே "கம்பளக் கடை வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தோப்பு நடை ஒரு கம்பளக் கூடத்தில் புதினாத் தேநீரோடு முடியும். வாங்காமல் எழுந்து வருவது சங்கடம்.

ஃபெஸ்னாவைக் கேட்டு வாங்குங்கள், டூர்க்காரர்கள் தாமாக நிறுத்துவது குறைவு. டினெஜ்டாடிலிருந்து எர்ஃபூத் போகும் சாலையோரம் வரிசையாக மண்மேடுகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கிணற்று வாய். மேட்டுப் பகுதியின் நிலத்தடி நீரைத் தொட்டு, மிகச் சிறிய சரிவில் சுரங்கம் தோண்டி, இயந்திரமே இல்லாமல் தோப்புவரை கொண்டுவந்த கெட்டாரா முறை இது. மேலேயுள்ள குழிகள் மண்ணை வெளியேற்றவும் பிறகு தூர்வாரவும். மோட்டார் பம்புகள் வந்து நீர்மட்டம் இறங்கியதில் இங்கே பல சுரங்கங்கள் வறண்டுவிட்டன. வறண்ட ஒன்றில் படியிறங்கி உள்ளே நடக்கலாம், சிறு கட்டணம் கேட்பார்கள். மாமியார் மேலேயே இருக்கட்டும்.

அவரைப் பற்றி: ஒட்டகம் வேண்டாம் என்பதே எங்கள் பதில். உட்கார்ந்திருப்பதைவிட ஏறுவதும் இறங்குவதும்தான் சிக்கல். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் நிமிர்த்தும், சவாரி செய்பவர் முன்னால் சாய்வார். உட்காரும்போது முன்னங்கால்களை முதலில் மடக்கும், மறுபடியும் முன்னால்தான் தள்ளும். இரண்டு தடவையும் பின்னால் சாய்ந்து இரும்புப் பிடியை இறுக்கிக்கொள்ள வேண்டும். அங்கவடி இல்லாததால் ஒரு மணி நேரம் கால்கள் தொங்கும். அகன்ற முதுகு இடுப்பையும் தொடையையும் இழுக்கும். முழங்கால் வலிக்காரர் இறங்கியதும் நிற்கவே சிரமப்படுவார். கூடாரத்துக்கு ஜீப்பில் போகலாம். இதை முன்பதிவின்போதே எழுத்தில் கேளுங்கள். சிலர் இலவசமாகச் செய்வார்கள், சிலர் அங்கே போனபிறகு தனிக் கட்டணம் கேட்பார்கள். நீங்களும் கணவரும் ஒட்டகத்தில் போனால் பெட்டிகள் விடுதியிலோ வண்டியிலோ தங்கிவிடும். ஓர் இரவுக்கு வேண்டியதையும், முக்கியமாக மருந்துகளையும், சிறு பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற இடங்களில் அவருக்கு எது ஒத்துவரும்? டோட்ரா மலையிடுக்கு மிக நல்லது. இருபுறமும் சுமார் 300 மீட்டர் செங்குத்துப் பாறை, நடுவில் சமதளச் சாலை. வண்டி பக்கத்திலேயே வந்து நிற்கும். அய்த் பென்ஹத்து நேர்மாறு. 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்த மண் ஊரில் உச்சிவரை படிகள், சீரற்றவை. ஆற்றுக்கு இந்தக் கரையிலுள்ள தேநீர்க் கடை மாடியிலிருந்தே முழு ஊரும் தெரியும். அவர் அங்கே உட்காரலாம். டிஷ்கா வளைவுகளில் பலருக்கும் வாந்தி வரும். முன் இருக்கை கேட்டுவையுங்கள். மாத்திரை வேண்டுமானால் அவருடைய மற்ற மருந்துகளைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வகை மாத்திரைகள் சில வயதானவர்களுக்குத் தலைசுற்றலைத் தரும்.

சாப்பாட்டில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் "வெஜிடபிள்" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். காய்கறி தஜினும் (மூடிய மண்சட்டிக் குழம்பு) கூஸ்கூஸும் (கோதுமை ரவை உணவு) பல இடங்களில் இறைச்சி வெந்த சாற்றில் வேகும். மேலே இறைச்சித் துண்டு இல்லாததால் அதைச் சைவம் என்பார்கள். ஹரிரா சூப்பிலும் இறைச்சி இருக்கலாம். "ப்லா ல்ஹம், ப்லா ட்ஜாஜ்" (இறைச்சியும் கோழியும் இல்லாமல்) என்று சொல்லி, சாற்றையும் தனியாகக் கேளுங்கள். நம்பிச் சாப்பிடக்கூடியவை: கத்தரிக்காய் மசித்த ஸாலூக், நம் பரோட்டாவுக்கு உறவான ம்ஸெமென், ரொட்டியும் ஒலிவ எண்ணெயும், பாதாமும் ஆர்கன் எண்ணெயும் அரைத்த அம்லூ. காய்ந்த அவரையில் செய்யும் பிஸ்ஸாரா சூப் பெரும்பாலும் சைவமே. கூடாரத்து இரவுச் சாப்பாட்டுக்கு அன்று காலையே ஓட்டுநர் போன் செய்து சொல்லிவிட வேண்டும். குழு வந்து இறங்கும்போது பாத்திரம் அடுப்பில் ஏறியிருக்கும். ஊறுகாய், பருப்புப்பொடி கொண்டுபோவது கெட்ட யோசனை அல்ல.

முன்பணம் கட்டுமுன் ஏஜென்டிடம் இவற்றுக்குப் பதில் வாங்குங்கள். வண்டியில் எத்தனை பேர்? (17 இருக்கை மினி பஸ் என்றால் ஒவ்வொரு நிறுத்தமும் இழுக்கும், மூவர் என்பதால் ஓட்டுநரோடு தனிக் காரின் விலையையும் ஒப்பிடுங்கள்.) ஒவ்வோர் இரவும் எந்த ஊர்? "டாடெஸ் அல்லது அதுபோன்ற இடம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். கூடாரம் மணல்மேடுகளுக்கு உள்ளேயா, கிராமத்தின் பின்புறமா? கழிப்பறை கூடாரத்தோடு சேர்ந்ததா? மதிய உணவு சேர்த்தியா? பெரும்பாலும் சேராது, சுற்றுலா உணவகத்தில் ஒருவருக்கு 100 திர்ஹமை (மொராக்கோ நாணயம்) ஒட்டி ஆகும். கூட வருபவர் ஓட்டுநர் மட்டுமா, உரிமம் பெற்ற வழிகாட்டியா? ஓட்டுநர் வண்டியை ஓட்டுவார், ஊரை விளக்குவது அவர் வேலை அல்ல.

வாங்குவதில் பேரீச்சம்பழத்துக்கு அக்டோபர்தான் காலம். பெரிய, மெத்தென்ற மெஜ்ஹூல் விலை கூடியது. பூஃபெகூஸ் சிறியது, சுவையில் குறைந்ததல்ல. எடை போடுமுன் இரண்டு மூன்றைப் பிளந்து உள்ளே பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். வழியிலுள்ள கெலாத் ம்கூனா ஊரில் ரோஜாப் பன்னீர் வாங்கலாம். "ரோஜா எண்ணெய்" மலிவாகக் கிடைத்தால் விட்டுவிடுங்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3 முதல் 5 டன் பூ வேண்டும். எர்ஃபூத் புதைபடிவக் கடைகளில் பிசினில் வார்த்த போலி ட்ரைலோபைட்டுகள் (அழிந்துபோன பழங்காலக் கடலுயிரிகள்) ஏராளம்.

அக்டோபரில் பகல் வெயில் தாங்கும்படி இருக்கும், இரவில் ஸ்வெட்டர் வேண்டும். மழை பெய்தால் வறண்ட ஓடைகளில் திடீர் வெள்ளம் வரும். 2024 செப்டம்பரில் இந்தத் தென்கிழக்குப் பகுதியே வெள்ளத்தில் சிக்கியது. ஓட்டுநர் பாதை மாற்றினால் வாதாடாதீர்கள். எர்ஃபூத்தில் பேரீச்சைக் கண்காட்சியும் அக்டோபர் கடைசி வாக்கில்தான் வழக்கமாக நடக்கும். அந்த நாட்களில் மெர்ஸூகா வரை அறைகள் நிரம்பும் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். இந்தியர்களுக்கு 2022 முதல் மின்விசா உண்டு; அரசின் தளத்தில் நேரடியாக விண்ணப்பியுங்கள், கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். திர்ஹமை மராகேஷிலோ டிங்கிரிலோ எடுத்துவிடுங்கள். கூடாரத்திலும் சந்தையிலும் அட்டை செல்லாது, மீந்த நோட்டை ஊருக்கு வந்து மாற்றவும் முடியாது.