அடுத்த பிறவிக்கு ஒத்திவைத்தவை

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்தை ஐந்தாறு வருடங்களாக வாசிக்கிறேன். இதுதான் முதல் கடிதம். சென்ற ஆண்டு அப்பா தவறிவிட்டார். மறுபிறவியில் நம்பிக்கை உள்ள வீடு எங்களுடையது. எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. அவர் போன சில வாரங்களில் அது என்னிடமிருந்து சத்தமில்லாமல் கழன்றுவிட்டது. இருப்பது ஒரே வாழ்க்கை, அதுவும் இப்படித்தான் முடியும் என்றால் இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று தோன்றுகிறது. மறுபிறவி இல்லையென்றால் நோயோடு பிறக்கும் குழந்தைக்கு நியாயம் எங்கே இருக்கிறது? இயன் ஸ்டீவன்சனின் ஆய்வுகளைப் படித்தேன். அவற்றை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா? அடுத்த பிறவியிலும் அப்பாவோடுதான் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் நான் என்ன சொல்ல?

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

'சத்தமில்லாமல் கழன்றுவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்காகத்தான் பதில் எழுதுகிறேன். நம்பிக்கை போனதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஏதோ கோட்டை இடிந்ததுபோல எழுதுவார்கள். உங்களுக்குச் சட்டைப் பொத்தான் போல எங்கேயோ விழுந்திருக்கிறது, எங்கே என்றும் தெரியவில்லை. அது உண்மையான அனுபவம். இன்னொரு காரணமும் உண்டு. என் அம்மா எப்போதோ சொன்ன ஒரு வாக்கியம் இரண்டு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஸ்டீவன்சன். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர். முற்பிறவி நினைவு இருப்பதாகச் சொன்ன குழந்தைகளைத் தேடித்தேடி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகளைச் சேகரித்தார். 1966-இல் வந்த அவருடைய முதல் பெரிய நூலின் தலைப்பிலேயே 'நிரூபிக்கும்' என்று போடவில்லை, 'சுட்டுகின்ற' நிகழ்வுகள் என்றுதான் போட்டார். அவரே எடுத்துக்கொள்ளாத உரிமையை நீங்கள் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? அவ்வளவுதான், மேலே போவோம். மறுபிறவி உண்டா இல்லையா என்று சான்றிதழ் கொடுக்க நான் யார்? அதை என்னிடம் கேட்டதற்கே உங்களைத் திட்ட வேண்டும்.

ஆனால் உண்மையில் திட்ட வேண்டியது வேறொன்றுக்காக. நோயோடு பிறக்கும் குழந்தையைப் பற்றிய அந்த வரி. எத்தனை சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! மறுபிறவி உண்டு என்றே வையுங்கள். அப்போது அந்தக் குழந்தையின் வலிக்கு நியாயம் கிடைத்துவிடுகிறதா? முன்னால் செய்ததற்கு இப்போது அனுபவிக்கிறது என்பதுதானே அந்த நியாயம்? என்ன செய்தோம் என்று தெரியாத, கேட்கவும் வாய் வராத ஒரு உயிருக்குத் தண்டனை கொடுக்கிற நீதிமன்றத்தை நீங்கள் பூமியில் ஒப்புக்கொள்வீர்களா? அந்தக் குழந்தையின் தாய் முன்னால் நின்று ஒருமுறை இதைச் சொல்லிப் பாருங்கள். உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். முடியாததால்தான் இவ்வளவு உரிமையோடு கோபப்படுகிறேன்.

இந்தச் சண்டை பழையது. 'அறத்தாறு இதுவென வேண்டா' என்று தொடங்கும் குறளில் ஒருவன் பல்லக்கைச் சுமக்கிறான், ஒருவன் அதில் ஏறிப் போகிறான். அறத்தின் பயன் என்ன என்பதற்கு நூல் வேண்டாம், இவர்கள் இருவரையும் பார்த்தாலே போதும் என்கிறார் பரிமேலழகர். பின்னால் வந்தவர்கள் பலர் அதை அப்படியே திருப்பிப் போட்டார்கள்: இதுதான் அறத்தின் வழி என்று அவர்களிடம் போய்ச் சொல்லாதே. எனக்கு இலக்கணம் அவ்வளவு போதாது. ஆனால் தோள் வலிப்பவனுக்கு எந்த உரை பிடிக்கும் என்று தெரியும்.

மறுபிறவியை முழுசாக நம்புகிற மணிமேகலையிலேயே ஒரு இடம் இருக்கிறது. ஆபுத்திரன் மணிபல்லவத் தீவில் உண்ணாமல் இருந்து உயிர் விடுகிறான். சாவக நாட்டில் பிறந்து புண்ணியராசன் என்று அரசனாகிறான். மணிமேகலை அவனைத் தீவுக்கு வரவழைக்கிறாள். மணலைத் தோண்டுகிறார்கள். தன்னுடைய பழைய உடம்பின் எலும்பைத் தானே பார்க்கிறான். இதைவிடப் பெரிய ஆதாரம் யாருக்குக் கிடைக்கும்? ஸ்டீவன்சன் கனவிலும் கண்டிருக்க மாட்டார். அவன் கலங்கி நிற்கிறான். அந்த நேரத்தில் மணிமேகலை சொல்வது: அறம் என்றால் என்ன என்று கேட்டால், உயிர்களுக்கு உண்டியும் உடையும் உறையுளும் கொடுப்பதைத் தவிர வேறொன்றையும் கண்டதில்லை. போய் நாட்டைக் கவனி என்று திருப்பி அனுப்பிவிடுகிறாள். நீங்கள் கேட்கும் அர்த்தம் முற்பிறவியில் இருந்திருந்தால் அவனை அந்த எலும்புக்குப் பக்கத்திலேயே உட்காரச் சொல்லியிருப்பாள்.

சரி, அர்த்தம். மறுபிறவி போனதால் எதையோ இழந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். ஆச்சரியமாக இருக்கிறது. அதை நம்பியவர்கள் அதை ஒரு வரமாகவா பார்த்தார்கள்? பிறவிப்பிணி என்றார்கள், பிறவிப் பெருங்கடல் என்றார்கள். காரைக்கால் அம்மையார் இறவாத அன்பைக் கேட்ட கையோடு கேட்டதாகச் சேக்கிழார் சொல்வது பிறவாமையைத்தான். அப்படியும் பிறந்தே ஆக வேண்டுமென்றால் உன்னை மறக்காமல் இருக்க வேண்டும் என்பது அதற்கடுத்த வேண்டுதல். இன்றைக்கு நாம் மறுபிறவியைக் கூடுதல் ஆட்டம் போல நினைக்கிறோம். இந்த முறை தோற்றால் மறுமுறை. அவர்களுடைய பயத்தை விட்டுவிட்டு ஆறுதலை மட்டும் உருவி எடுத்துக்கொண்டோம்.

அந்த ஆறுதலாவது நிற்குமா என்று பாருங்கள். ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் 1686-இல் ஒரு கேள்வி கேட்டார். உன்னை இந்த நொடியே சீன தேசத்து அரசனாக்குகிறேன், ஆனால் இதுவரை நீ யாராக இருந்தாய் என்பது அடியோடு மறந்துவிடும், சம்மதமா? அதற்கும், உன்னை அழித்துவிட்டு அதே நொடியில் சீனாவில் ஒரு அரசனைப் படைப்பதற்கும் என்ன வித்தியாசம்? அப்பாவின் கைப்பிடியும் அவருடைய இருமலும் உங்களைக் கூப்பிடும் விதமும் இல்லாத ஒருவர் எங்கேயோ பிறந்திருக்கிறார் என்றால், அதில் உங்களுக்குக் கிடைப்பது என்ன? யாரோ ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. நல்லது, நன்றாக இருக்கட்டும். உங்கள் துக்கம் அந்தக் குழந்தையைப் பற்றியதில்லையே. பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனிடம் இரவெல்லாம் எரியும் விளக்கைக் காட்டினார். முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா? அதுவும் இல்லை, வேறும் இல்லை. அழகான பதில்தான். ஆனால் நமக்கு வேண்டியது முதல் சாமத்துச் சுடர்.

இனி அம்மா. உங்கள் அம்மா இல்லை, என் அம்மா. மன்னியுங்கள்.

என் அம்மாவுக்கு நீச்சல் கற்றுக்கொள்ள ஆசை. நாங்கள் குளத்தில் கும்மாளம் போடும்போது எங்கள் துணிகளை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பார். கணுக்கால் வரை தண்ணீரில் இருக்கும். இறங்கு, சொல்லித்தருகிறேன் என்று அக்கா கூப்பிடுவாள். "எனக்கு அடுத்த பிறவியில் பார்த்துக்கொள்ளலாம். மீனாகவே பிறந்துவிடுகிறேன், போ" என்பார். எல்லாவற்றுக்கும் அந்தப் பதில்தான். பாட்டு கற்றுக்கொள்வது, தனியாக ஒரு ஊருக்குப் போய்விட்டு வருவது, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தூங்குவது, எல்லாம் அந்தப் பிறவிக்குப் போய்விடும். அப்பாவுடைய ஆசைகளில் ஒன்றுகூட அங்கே போனதாக எனக்கு நினைவில்லை. பிறவிப் பெருங்கடல் நீந்துவது பற்றி அத்தனை பாட்டு மனப்பாடமாகத் தெரிந்தவருக்கு ஒரு குளத்தை நீந்தத் தெரியாது.

எனக்கு இருபத்துமூன்று வயது. நாலு புத்தகம் படித்த திமிர். ஒருநாள் அவரிடம் மறுபிறவி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அரைமணி நேரம் விளக்கினேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அப்புறம் சொன்னார்: "அப்படியா? இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

நான் சிரித்தேன். பல வருடங்கள் நண்பர்களிடம் இதை நகைச்சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு முறையும் எல்லோரும் சிரித்தார்கள். அவர் கேலியாகத்தான் சொன்னாரோ என்னவோ. அம்மாவின் முகத்தில் கேலியைக் கண்டுபிடிப்பது எப்போதுமே கஷ்டம். ஆனால் அப்போது அவருக்கு இருந்த வயதை நான் கடந்துவிட்டேன். இப்போது அந்த வாக்கியம் நகைச்சுவையாகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பத்தொன்பது வருடம் இருந்தார். அதில் பத்து வருடமாவது முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. இருப்பது ஒரே பிறவிதான் என்று அவரிடம் சொன்ன நான், அந்த ஒன்றில் ஒரு மாலைப்பொழுதை எடுத்து அவரைத் தண்ணீருக்குள் கூட்டிப்போனேனா? இல்லை. வேறு யாருடனோ வாதம் செய்யப் போய்விட்டேன். நம்பாதவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் இது இடறுகிறது. அவர் நம்பியதால் ஒத்திவைத்தார். நம்பாத நானும் ஒத்தித்தானே வைத்தேன்?

உங்கள் கேள்வியிலிருந்து எங்கேயோ வந்துவிட்டேன். கடைசிக் கேள்விக்காவது பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவிடம் அந்த நம்பிக்கையைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். அடுத்த பிறவியிலும் அவரோடுதான் என்று ஒரு பெண் சொல்கிறார் என்றால், இந்தப் பிறவி எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்கிறார். அதில் நீங்கள் திருத்த என்ன இருக்கிறது? லைப்னிட்ஸ் எனக்கும் உங்களுக்கும் போதும், அவரை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். என்னைப் போல அரைமணி நேரம் விளக்கவும் உட்காராதீர்கள்.

அதற்குப் பதிலாக ஒன்று கேளுங்கள். அடுத்த பிறவிக்கு என்று வேறு என்னவெல்லாம் எடுத்து வைத்திருக்கிறாய் என்று கேளுங்கள். முதல் தடவை ஒன்றுமில்லை என்பார். இரண்டாவது தடவையும் அப்படித்தான் சொல்வார். அடுத்த கடிதத்தில் ஸ்டீவன்சன் வேண்டாம். மூன்றாவது தடவை கேட்டபோது என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.