ஆப்பிரிக்கப் பெண்களின் படிப்புக்கோ தொழிலுக்கோ பணம் கொடுத்தால் உண்மையில் பலன் உண்டா? எதற்குக் கொடுப்பது?

கேட்டவர் கைநிறையச் சம்பாதிக்கிறவர், மாதம் ஒரு தொகையை ஒதுக்கத் தயாராக இருக்கிறவர், ஏதோ விளம்பரத்தில் ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்து மனம் இளகி வந்தவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். உதவித்தொகை கொடுப்பதா, சிறுதொழிலுக்குக் கொடுப்பதா, பெண்ணுரிமைக்குப் போராடும் அமைப்புக்குக் கொடுப்பதா, எது உருப்படியானது என்று கேட்டிருக்கிறீர்கள். பலன் உண்டு. ஆனால் இப்படி மூன்றாகப் பிரித்துக் கேட்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் பழகிய பெண்களிடம் அவை பிரிந்து இருக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது கென்யா மட்டும், அதிலும் நைரோபி, அதிலும் சவுத் பி என்ற ஒரு பகுதி. 54 நாடுகள் உள்ள கண்டத்தைப் பற்றி இதை வைத்துப் பேசலாமா என்று யாராவது கேட்டால் கேள்வி நியாயம்தான், அதனால் நான் கென்யாவைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நம்ம ஊரில் ஏழைகள் இல்லையா என்று கேட்க வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று: இங்கேயும் கொடுங்கள், யார் தடுத்தது.

கணவருக்கு இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. 2011 முதல் 2019 வரை அங்கே இருந்தோம். நான் எம்.காம். படித்தவள், ஆனால் கணவரைச் சார்ந்து வந்தவள் என்ற அனுமதியில் போனதால் வேலைக்குப் போக முடியாது. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் மாலைவரை பேச்சுத்துணை கிடையாது. எங்கள் தெரு முனையில் காய்கறி விற்ற பெண்தான் முதலில் பேசினார். இப்படி விற்பவர்களை அங்கே மாமா ம்போகா என்பார்கள். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா, ம்போகா என்றால் காய்கறி. விடியுமுன்னே வகுலிமா மொத்தச் சந்தைக்குப் போய்ச் சரக்கு எடுத்து, மடாட்டு வேனில் ஏற்றிக்கொண்டு வந்து ஏழு மணிக்குக் கடை போட்டுவிடுவார். சுகுமா விக்கி என்ற கீரையை நூல் மாதிரி நறுக்கிப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். சுகுமா விக்கி என்றால் வாரத்தைத் தள்ளு என்று அர்த்தம், கறி வாங்கக் காசில்லாத வாரத்தை ஓட்டுகிற கீரை. எனக்கு சுவாஹிலி வந்தது அவரால்தான்.

அவருடைய மூத்த மகள் எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். விடுதியோடு கூடிய ஒரு உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தது, ஒரு அறக்கட்டளை முழு உதவித்தொகையும் கொடுத்தது. முழு என்றுதான் கடிதத்தில் இருந்தது. ஆனால் அந்த உதவித்தொகை பள்ளிக் கட்டணத்தோடு நின்றுவிட்டது. சேரும் நாளில் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று பள்ளி ஒரு பட்டியல் அனுப்பும். தகரப் பெட்டி, மெத்தை, போர்வை, இரண்டு செட் சீருடை, கறுப்பு ஷூ, வாளி, கணக்குப் பெட்டி, சானிட்டரி நாப்கின், அப்புறம் போகவர பஸ் காசு. கூட்டிப் பார்த்தால் பதினான்காயிரம் ஷில்லிங்குக்குப் பக்கம் வந்தது. இதில் ஒன்று குறைந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டணம் கட்டியாகிவிட்டது, மெத்தை இல்லாமல் பெண் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இது 2015 தொடக்கத்தில்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். கடை முன்னால் அம்மாவும் மகளும் நின்றதை ஒருநாள் போட்டோ எடுத்திருந்தேன். அதை எங்கள் தமிழ் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஏழைப் பெண், படிக்க வழியில்லை, உதவுங்கள் என்று எழுதிவிட்டேன். இரண்டே நாளில் 20,000 ஷில்லிங் சேர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. குழுவில் இருந்த ஒருவர் வீட்டில் வேலை செய்த பெண், முகுரு என்ற குடிசைப் பகுதியில் காய்கறிக்காரருக்குப் பக்கத்து வரிசையில் குடியிருந்தவள், அவள் மூலம் செய்தி போய்விட்டது. மறுநாள் கடைக்குப் போனால் என் முகத்தைப் பார்க்காமல் கீரையை நறுக்கிக்கொண்டே, “என்னைக் கேட்கவில்லையே” என்றார். அவ்வளவுதான். நான் பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை. உரியவர்களுக்கு எல்லாம் திருப்பிக் கொடுத்தேன்.

ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர் ஒரு சாமாவில் இருந்தார். சாமா என்றால் குழு. நம்ம சீட்டு மாதிரிதான், ஆனால் ஏலம் கிடையாது. 16 பெண்கள், வாரம் ஆளுக்கு 300 ஷில்லிங், வரிசைப்படி ஒருத்திக்கு 4,800. அதோடு தனியாக ஒரு பொதுநிதி, அதிலிருந்து வட்டிக்குக் கடன். அடமானம் எதுவும் கேட்கமாட்டார்கள், பேர்தான் அடமானம். கை நீட்டியவள் என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால் அந்தக் கடன் வரிசையில் அவருக்கு என்ன மதிப்பு இருக்கும்? நான் உதவி என்று நினைத்து எடுத்துப் போட்ட போட்டோ, அவர் பல வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததில் கைவைத்துவிட்டது.

கடைசியில் மெத்தையும் பெட்டியும் சாமாவில் இருந்தே வந்தன. அந்த வார முறைக்காரி தன் 4,800ஐ விட்டுக்கொடுத்தாள், பொதுநிதியில் இருந்து 9,000 கடன். பெண் பள்ளிக்குப் போய்விட்டாள். எனக்கு உதவ ஆசை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு வந்து 300 ஷில்லிங் வை என்றார் அவள் அம்மா. போனேன். பதினேழாவது ஆளாகச் சேர்ந்தேன். பணம் எல்லாம் எம்பெசாவில் வரும். 2007இல் வந்தது அந்த போன் பண வசதி, அதனால் யார் எத்தனை மணிக்கு அனுப்பினார் என்பது வரைக்கும் ரசீது இருக்கும், தாமதமானால் 50 ஷில்லிங் அபராதம். இரண்டாவது வருடம் கணக்கு நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். எம்.காம். படித்து நான் எழுதிய முதல் கணக்கு அதுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

சாமாவின் தலைவி நியேரிப் பக்கத்துக்காரர், இளம் வயதில், வங்காரி மாத்தாய் தொடங்கிய கிரீன் பெல்ட் என்ற மரம் நடும் இயக்கத்துக்குக் கன்று வளர்த்துக் கொடுத்தவர். மாத்தாய் நோபல் வாங்கியவர் என்று மட்டும் தெரிந்திருந்த எனக்கு, அவரைப் பற்றி இவர் சொல்லித்தான் தெரியும். 1960இல் உதவித்தொகையில் அமெரிக்கா போய்ப் படித்தவர், 1971இல் நைரோபியில் முனைவர் பட்டம், கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண். அப்பேர்ப்பட்டவர் 1977இல் ஆரம்பித்தது மரம் நடுவது. கிராமத்துப் பெண்கள் அவரிடம் சொன்ன குறை, விறகு இல்லை, தண்ணீர் இல்லை என்பது. பிழைத்து நிற்கிற கன்றுக்குச் சிறு தொகை கொடுத்தார்கள், அது அந்தப் பெண்களின் சொந்தக் காசு. அதே ஆள் 1989இல் நைரோபியின் உஹுரு பூங்காவில் வர இருந்த 60 மாடிக் கட்டடத்தை எதிர்த்துப் போராடினார், கட்டடம் வரவில்லை. 1992இல் அரசியல் கைதிகளின் தாய்மார்களோடு அதே பூங்காவில் உண்ணாவிரதம் உட்கார்ந்து போலீஸிடம் அடி வாங்கினார். 2004இல் நோபல், ஆப்பிரிக்கப் பெண் ஒருவருக்கு முதல் அமைதிப் பரிசு. இதில் எது உதவித்தொகை, எது தொழில், எது போராட்டம் என்று நீங்களே பிரித்துச் சொல்லுங்கள்.

எங்கள் குழுவிலேயே ஒருத்தியின் கணவர் இறந்ததும் ஊரில் மாமியார் வீட்டார் நிலத்தில் கால் வைக்கவிடவில்லை. 2010 அரசியலமைப்பு திருமணத்தில் இருவருக்கும் சம உரிமை என்கிறது, தேர்ந்தெடுக்கப்படும் எந்த அவையிலும் ஒரே பாலினத்தவர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த இரண்டாவதை நாடாளுமன்றம் நிறைவேற்றவில்லை என்று தலைமை நீதிபதியே 2020இல் அவையைக் கலைக்கச் சொல்லி ஜனாதிபதிக்கு எழுதினார், கலைக்கவில்லை. சரி, இவளுக்கு என்ன வழி? பெண் வழக்கறிஞர்களின் ஃபிடா அமைப்பு 1985இல் இருந்து இலவசமாகச் சட்ட உதவி செய்கிறது, அங்கே போ என்று தலைவிதான் அனுப்பினார். பஸ் காசு சாமா கொடுத்தது. வழக்குக்கு எங்கள் பணம் தேவைப்படவில்லை, ஆனால் அந்த பஸ் காசு இல்லாமல் அவளால் ஃபிடா வாசலுக்கே போயிருக்க முடியாது.

     

விஷயத்துக்கு வருகிறேன். தொழிலுக்குக் கொடுப்பதானால் தனி ஆளுக்குக் கடன் கொடுக்காதீர்கள், அதுவும் போன் செயலிகள் வழியாக வேண்டவே வேண்டாம், அங்கே இரண்டு நிமிடத்தில் கிடைக்கிற கடனை அடைக்க இன்னொரு செயலியில் கடன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நடந்துகொண்டிருக்கிற குழுவின் பொதுநிதிக்குக் கொடுங்கள், யாருக்குப் போக வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். குழுக்களிலும் ஏமாற்று உண்டு, தெரியும், நோட்டைக் காட்டச் சொல்லுங்கள், நல்ல சாமா தயங்காது. படிப்புக்குக் கொடுப்பதானால் உதவித்தொகை எதை விட்டுவிடுகிறது என்று கேட்டு அதைக் கொடுங்கள். போட்டோ கேட்காதீர்கள்.

காய்கறிக்காரரின் அந்த மூத்த மகள் இப்போது நர்ஸ். கடைசித் தங்கை விடுதிப் பள்ளியில் சேர்ந்தபோது பெட்டியும் மெத்தையும் அவள் சம்பளத்தில் வாங்கினாள், அம்மா போனில் சொன்னார். அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். கொடுக்கிறவர்கள் மார்ச் வரை யோசிக்க வேண்டாம், டிசம்பரிலேயே அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.