சப்வூஃபர் இரைகிறதா? எர்த் பின்னில் கை வைக்காதீர்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய ஹோம் தியேட்டர் செட்டின் சப்வூஃபரை (அடித்தொனி ஸ்பீக்கர்) புது ஏ.வி. ரிசீவரில் (டிவி, ஸ்பீக்கர் எல்லாம் மாட்டும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) மாட்டலாமா? அதற்குக் கரண்ட் ஒயர் இல்லை, ஸ்பீக்கர் ஒயர் மட்டும்தான். நண்பரிடம் கரண்ட் ஒயரோடு இருக்கும் ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்தால் 'கொய்ங்' என்று இரைச்சல். எர்த் பின்னைக் கழற்றினால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன்."

உங்கள் பழையது பாஸிவ் வகை. உள்ளே ஆம்ப்ளிஃபையர் கிடையாது. ரிசீவரின் சப்வூஃபர் அவுட்டில் வரும் சிறிய சிக்னலுக்கு அது அசையாது. முன் ஸ்பீக்கர் முனையிலேயே சேர்த்து முறுக்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். 8 ஓம் ஸ்பீக்கரோடு 4 ஓம் சப்வூஃபர் அப்படிச் சேர்ந்தால் மொத்தம் சுமார் 2.7 ஓம்தான். வீட்டு ரிசீவர்கள் பெரும்பாலும் 6 முதல் 8 ஓமுக்குச் செய்தவை. சூடேறித் தானாக அணைந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் உள்ளே டிரான்சிஸ்டர் போகும். அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபையர் தேடுவதைவிட, நண்பருடையதைப் போல ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஒன்று வாங்குவதே மேல்.

ஆக்டிவ் என்றால் வேலை சுலபம். ரிமோட்டில் அணைத்தால் போதாது, ரிசீவர், சப்வூஃபர் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ரிசீவரின் சப்வூஃபர் அவுட்டிலிருந்து சப்வூஃபருக்கு ஒரே ஒரு ஆர்.சி.ஏ. ஒயரை (நடுவில் ஒரு பின் உள்ள ஆடியோ ஒயர்) மாட்டுங்கள். ஓடும்போது செருகினால் நடுப்பின் முதலில் தொட்டு 'டொம்' என்று அடிக்கும். எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகவேண்டும் என்று பிரிப்பது கிராஸ்ஓவர். சப்வூஃபரில் இருக்கும் அந்தத் திருகை அதிகபட்ச ஹெர்ட்ஸுக்கு முழுசாகத் திருப்பிவிட்டு, ரிசீவரில் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அப்புறம் வால்யூமைக் குறைவில் தொடங்கி ஏற்றலாம்.

இனி அந்த இரைச்சல். செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் அதுதான்: கேபிளின் எர்த்தும் வீட்டு எர்த்தும் வேறுவேறு இடத்தில் இறங்கி, இடையில் சிறு மின்சாரம் சுற்றுகிறது. சிக்னலை விட்டு, எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கேபிள் ஒயர் ஐசொலேட்டர் ஒன்று போட்டால் அடங்கும். கேபிளைக் கழற்றியும் நிற்காவிட்டால், ரிசீவரையும் சப்வூஃபரையும் ஒரே பிளக் போர்டில் போட்டுப் பாருங்கள். எலக்ட்ரீஷியன் சொன்னபடி எர்த் பின்னைக் கழற்றினாலும் இரைச்சல் நிற்கத்தான் செய்யும். ஆனால் உள்ளே கசிவு வந்த அன்று, பின்பக்கத் தகட்டைத் தொடுகிறவர் கைதான் எர்த்.

துலா (ஐப்பசி) மாத மாலைகளில் உங்கள் பக்கம் இடி எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. மின்னல் அதிர்ச்சி கேபிள் வழியாகவும் ரிசீவருக்குள் நுழையும். அதனால் மேகம் கறுக்கும்போதே, இடி தலைக்கு மேல் வருவதற்கு முன், பிளக்குகளோடு கேபிள் டிவி ஒயரையும் கழற்றிவிடுங்கள்.