பத்து நிமிடத்தில் அறுபது தீர்மானம்: நகராட்சியில் யாரைக் கேட்பது?

கேள்வி: எங்கள் ஊர் ஒரு சிறிய நகராட்சி. எங்கள் தெருவில் போட்ட சிமென்ட் சாலை ஆறு மாதத்தில் ஜல்லி பெயர்ந்துவிட்டது. கவுன்சிலரைக் கேட்டால், "நான் மன்றத்தில் எதிர்த்தேன், சேர்மன் கேட்கவில்லை" என்கிறார். சேர்மன் தரப்போ எல்லாம் கமிஷனர் கையில் என்கிறது. கமிஷனர், அது மன்றம் எடுத்த முடிவு என்கிறார். கூட்டத்தில் பத்து நிமிடத்தில் அறுபது தீர்மானங்களை 'ஆல் பாஸ்' என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். "ஏன் தரமில்லாமல் சாலை போட்டீர்கள்" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். கோரிய தகவல் அலுவலகத்தில் இல்லை என்று பதில் வந்தது. இப்போது சேர்மன் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரப்போவதாகப் பேச்சு. அது வந்தால் எங்கள் சாலைக்கு விடிவு பிறக்குமா? நான் யாரைத்தான் கேட்பது?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் உங்கள் சாலைக்கு எதுவும் நடக்காது. அது நாற்காலியைப் பற்றிய சண்டை.

இதை விளக்கச் சில உதாரணங்கள் போதும். 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மக்கள் வார்டு உறுப்பினர்களை மட்டுமே தேர்ந்தெடுத்தார்கள். மேயரையும் நகர்மன்றத் தலைவரையும் அந்த உறுப்பினர்கள் மார்ச் 4 அன்று தேர்ந்தெடுத்தார்கள். கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளில் பல ஊர்களில் திமுகவினரே போட்டியிட்டு வென்றதும், அவர்கள் பதவி விலக வேண்டும் என்று கட்சித் தலைமை பகிரங்கமாகக் கேட்க நேர்ந்ததும் அன்றுதான். உறுப்பினர்கள் கையால் வந்த நாற்காலி, உறுப்பினர்கள் கையிலேயே ஆடிக்கொண்டிருக்கும். திருநெல்வேலி மாநகராட்சியின் 55 வார்டுகளில் அதிமுகவுக்குக் கிடைத்தவை நான்கே. அப்படியிருந்தும் மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது, ஆளுங்கட்சி உறுப்பினர்களிடமிருந்தே. 2024 ஜனவரி 12 அன்று வாக்கெடுப்புக்கு ஓர் உறுப்பினரும் வராததால் அது கைவிடப்பட்டது. ஆறு மாதம் கழித்து, ஜூலையில், மேயர் தாமாகவே விலகினார். அதே ஜூலை மாதக் கடைசியில் காஞ்சிபுரத்திலும் கூட்ட அரங்கம் காலியாகவே கிடந்து தீர்மானம் தோற்றது. மாறாக, 2025 ஜூலையில் சங்கரன்கோவில் நகராட்சியில் தீர்மானம் வென்று தலைவர் பதவியிழந்தார். இந்தத் தீர்மானத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது என்பதால் எண்ணிக்கை சேர்க்கும் பேரம் வாரக்கணக்கில் நடக்கும். அந்த வாரங்களில் மன்றத்தில் வேறு எந்த வேலையும் நடக்காது. இந்தச் சண்டையில் உங்களுக்கு ஒரே ஒரு லாபம் உண்டு: ஒரு கோஷ்டி மறைத்து வைத்த காகிதத்தை மறு கோஷ்டி வெளியே விடும். கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பி நிற்காதீர்கள்.

அடுத்து, மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவதைப் பற்றி. வேடிக்கை என்னவென்றால், மூவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. நகராட்சியின் நிர்வாக அதிகாரி ஆணையாளர், அதாவது நீங்கள் சொல்லும் கமிஷனர். அவர் மாநில அரசின் அலுவலர். மதிப்பீடு தயாரிப்பதும், டெண்டர் விடுவதும், பணி உத்தரவு வழங்குவதும், பில்லை அனுமதிப்பதும் அவரும் அவருக்குக் கீழுள்ள பொறியியல் பிரிவும் செய்யும் வேலைகள். அவற்றுக்கு ஒப்புதல் தர வேண்டியது மன்றம். எந்தப் பொருள் எந்தக் கூட்டத்தில் வருகிறது, எதற்கு எவ்வளவு நேரம் என்பதில் தலைவரின் கை ஓங்கியிருக்கும். ஆகவே "யார் பொறுப்பு" என்று பொதுவாகக் கேட்டால் எப்போதும் தப்பித்துக்கொள்வார்கள். இந்த வேலையின் இந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டால் தப்பிக்க முடியாது.

மன்றப் பொருள் எப்படி இருக்கும் என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். ஒரு பொருள் எண், அதன் கீழ் வார்டும் தெருப் பெயரும், மதிப்பீட்டுத் தொகை, எந்த நிதித் தலைப்பில் செலவு, பிறகு "அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்" என்று ஒரு வரி, அதன் கீழ் "தீர்மானம்: அனுமதிக்கப்பட்டது" என்று இன்னொரு வரி. அறுபது தீர்மானங்கள் பத்து நிமிடத்தில் முடிவது இப்படித்தான். எல்லாம் ஏற்கெனவே அச்சடித்து வந்தவை. இவற்றுள் நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டியவை இரண்டு வகை. ஒன்று, தலைவரின் முன் அனுமதி பெற்று வேலை முடிந்த பிறகு மன்றத்தின் ஒப்புதலுக்கு வருபவை. குடிநீர்க் குழாய் உடைந்தால் மாதக் கூட்டம் வரை காத்திருக்க முடியாது என்பதற்காக ஏற்பட்ட வழி அது. தெருச் சாலைக்கும் அலுவலகத்துக்கு வர்ணம் அடிப்பதற்கும் அது எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மற்றொன்று, ஒரே தெரு ஒரே கூட்டத்தில் மூன்று தனித்தனிப் பணிகளாக வருவது. பெரிய தொகைக்கு மேலிடத்துத் தொழில்நுட்ப அனுமதியும் கூடுதல் டெண்டர் அவகாசமும் தேவைப்படுமென்பதால் வேலையைத் துண்டு போடுவார்கள். தணிக்கையில் இருந்த காலத்தில் இதை எத்தனை தடைக் குறிப்பில் (தணிக்கை ஆட்சேபணையில்) எழுதியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

உங்கள் கவுன்சிலர் எதிர்த்தாரா என்பதும் இங்கே தெரிந்துவிடும். எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுத்து அதைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லியிருந்தால் அதில் இருக்கும். வாயால் கத்திவிட்டு வெளிநடப்பு செய்திருந்தால், செய்தித்தாளில் படம் வந்திருக்கும். குறிப்பில் "ஒருமனதாக" என்று இருக்கலாம். வெளியே போனவருக்கு உள்ளே வாக்கு இல்லை. நல்ல நோக்கமுள்ள உறுப்பினர்கள்கூட இதில் ஏமாந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி, உங்கள் தகவல் உரிமை மனு. அது தோற்றதற்குக் காரணம் அலுவலகத்தின் சூழ்ச்சி மட்டுமன்று, கேள்வியும் தவறு. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே உள்ள ஆவணத்தைத் தரச் சொல்கிறது. காரணம் கற்பித்தோ புதிதாகத் தொகுத்தோ பதில் எழுதச் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றமும் 2011-இல் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே "ஏன்" என்ற சொல்லை மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். வார்டு எண், தெருப் பெயர், ஏறத்தாழ எந்த மாதம் வேலை நடந்தது என்பவற்றைக் குறிப்பிட்டு, அந்தப் பணிக்கான மன்றத் தீர்மானம், விரிவான மதிப்பீடு, டெண்டர் அறிவிப்பும் ஒப்பீட்டுப் பட்டியலும், பணி உத்தரவு, ஒப்பந்தம், அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், இறுதிப் பில் ஆகியவற்றின் சான்றளித்த நகல்களைக் கேளுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் செல்லலாம். ஆணையத்தில் காலம் பிடிக்கும் என்பதால் முதல் மேல்முறையீட்டிலேயே காகிதம் கிடைக்கும்படி மனுவைச் சுருக்கமாகவும் குறிப்பாகவும் எழுதுவதுதான் கெட்டிக்காரத்தனம். பத்து வேலைகளைப் பற்றி ஒரே மனுவில் கேட்காதீர்கள்.

அதே சட்டத்தில் பலரும் பயன்படுத்தாத வசதி ஒன்று இருக்கிறது. பிரிவு 2(ஜே) ஆவணங்களை மட்டுமன்றிப் பணியையே நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. சாலைக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது.

வந்த காகிதங்களுள் முதலில் திறக்க வேண்டியது அளவுப் புத்தகம். அலுவலகத்தில் அதை எம்-புக் என்பார்கள். பக்க எண் அச்சிட்ட புத்தகம். வேலையை அளந்த பொறியாளர் நீளம், அகலம், கனம் என மூன்று பத்திகளில் எழுதி, பெருக்கி, கன அளவு போட்டுக் கையெழுத்திடுவார். மேலதிகாரி மறு அளவை செய்து ஒப்பமிடுவார். உங்கள் சாலை 150 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 78.75 கன மீட்டர் காங்கிரீட்டுக்குப் பணம் போயிருக்கும். நீளத்தையும் அகலத்தையும் நீங்களே டேப் வைத்து அளக்கலாம். கனத்தை, குழாய் இணைப்புக்காக யாராவது சாலையை வெட்டும் நாளில் ஓர் அடிக்கோலை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளலாம். 10 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால் உண்மையில் போட்டது 52.5 கன மீட்டர். மூன்றில் ஒரு பங்கு காங்கிரீட் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. இதுதான் உங்கள் புகார். "தரமற்ற சாலை" என்பது புகாரே அல்ல. இன்னொன்றும் பாருங்கள். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். மதிப்பீட்டில் சுரண்டுவதற்குத் தொகை இருந்தும், சாலை உயர்ந்து உங்கள் வாசற்படி அதற்குக் கீழே போயிருந்தால் கணக்கு உதைக்கிறது.

டெண்டர் காகிதங்களில் நாள்களைப் பாருங்கள். தமிழ்நாடு ஒப்பந்தப் புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998-இல் வந்தது. அதன் கீழான விதிகளின்படி இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். வந்தவை மூன்று டெண்டர்கள், தொகைகள் நூலிழை வித்தியாசத்தில், அதே மூவர் பக்கத்து வார்டிலும் முறை வைத்து மாறி மாறி முதலிடம் என்றால், அதைச் சிண்டிகேட் (ஒப்பந்ததாரர்களின் இரகசியக் கூட்டு) என்று நீங்கள் எழுத வேண்டாம். பட்டியலை வரிசையாக அடுக்கிக் காட்டினால் படிப்பவருக்கே புரியும்.

எங்கே கொடுப்பது என்பதற்கு வருகிறேன். அளவு குறைவென்றால் முதலில் ஆணையாளருக்கு, நகல் மண்டல நகராட்சி நிர்வாக இயக்குநருக்கு, பதிவுத் தபாலில். கூடவே உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அந்த ஆண்டுத் தணிக்கை முடியாமலிருந்தால் அந்த ஒற்றைத் தாள் வேலை செய்யும். நிர்வாக முறைகேட்டுக்கு, 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சி முறைமன்ற நடுவம் (ஆம்புட்ஸ்மேன்) இருக்கிறது. லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எல்லோரும் முதலில் ஓடுகிறார்கள். ஆனால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு, அரசு ஊழியர் பணியில் எடுத்த முடிவை விசாரிக்க அவர்களுக்கு முன் அனுமதி தேவை என்பதால், ஆவணம் இல்லாத மனு அங்கேயே உறங்கும். உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவது கடைசிப் படி. கீழே மனுக் கொடுத்துப் பார்த்தீர்களா என்று அங்கே முதலில் கேட்பார்கள்.

உங்கள் வார்டில் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை கூடுகிறதா என்று விசாரியுங்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று நகர்ப்புறங்களில் முதன்முதலாக அது கூட்டப்பட்டது. கிராம சபைக்கு இணையாகச் சொல்லப்பட்டாலும் பல ஊர்களில் பத்துப் பேர் வந்து தேநீர் குடித்துவிட்டுக் கலைவதே நடைமுறை. அந்தப் பத்துப் பேரில் ஒருவராக எம்-புக் நகலோடு போய், கனத்தைப் பற்றிய கேள்வியைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் பெயர் சொல்லி "திருடன்" என்று போடாதீர்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறைப் பற்றியது, அது உங்கள் பக்கம் திரும்பினால் சாலையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும். அளவுகளைப் போடுங்கள், படத்தைப் போடுங்கள், அத்தோடு நிறுத்துங்கள்.

ஒன்றை உடனே செய்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒரு கெடு எழுதியிருக்கும். அந்தக் காலத்துக்குள் சாலை பெயர்ந்தால் ஒப்பந்ததாரர் தம் செலவில் சீர்செய்ய வேண்டும், அதுவரை அவருடைய வைப்புத் தொகையின் ஒரு பகுதி நகராட்சியின் கையில் இருக்கும். ஆறு மாதத்தில் பெயர்ந்த உங்கள் சாலைக்கு அந்தக் கெடு பெரும்பாலும் இன்னும் முடிந்திருக்காது. நகல்கள் வரும்வரை காத்திருக்காமல், சாலை பெயர்ந்த படங்களை நாளிட்டு இணைத்து, வைப்புத் தொகையைத் திருப்பித் தராமல் நிறுத்தி வைக்கும்படி ஆணையாளருக்கு இந்த வாரமே மனு எழுதி, அலுவலக முத்திரையோடு பெற்ற ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.