டன் கூலி, தோட்ட வீடு, தாத்தாவின் பங்கு: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்து ஆட்கள் அனுப்பிய கேள்விகள் இவை. தொழிற்சங்க வேலை பார்த்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, செம்பனை (எண்ணெய்ப்பனை) வெட்டுகிறேன். டன் கணக்கில் கூலி. போன மாதம் குலை குறைவு, 1,300 வெள்ளிதான் (ரிங்கிட்) வந்தது. குறைந்தபட்சச் சம்பளம் எனக்குக் கிடையாதா?

உண்டு தம்பி. டன் கணக்கோ துண்டு வேலையோ, மாதச் சம்பளம் 1,700 வெள்ளிக்குக் குறையக்கூடாது. ஒரு நாள் விடாமல் பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போயிருந்தால் மீதி 400ஐ நிர்வாகம்தான் போட வேண்டும். “மரத்தில் பழம் இல்லை, நான் என்ன செய்ய?” என்பார் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்). பழம் கொட்டிய மாதத்தில் லாபத்தில் பங்கு கொடுத்தார்களா? சம்பளச் சீட்டோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போ. வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.

இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சரியாகப் பிடிக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது?

1,700 சம்பளத்துக்கு உங்கள் பங்கு 187, முதலாளி பங்கு 221. கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

ஐயா, 22 வருடம் வேலை செய்த தோட்டத்தை விற்கப் போகிறார்கள். வீடு எங்களுக்குக் கிடைக்குமா?

வேலையோடு வந்த வீடு, அம்மா. வேலை போனால் அதில் உரிமை கேட்கச் சட்டம் இடம் தராது. ஆனால் பணம் கேட்கலாம். 1980ஆம் ஆண்டு பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். உங்களுக்கு 440 நாள். புது முதலாளி பழைய சலுகை குறையாமல் வேலை தந்து, நீங்கள் காரணமில்லாமல் மறுத்தால் மட்டும் கிடைக்காது. அவசரப்பட்டு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாட்டில் ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டது என்கிறார்களே, சார்? (கல்லூரி மாணவி)

ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு (0 என்றால் எல்லாரும் சமம்) 2019இல் 0.407, 2022இல் 0.404. இதைக் குறைவு என்பதா! அதுவும் வருமானக் கணக்குதான். நிலம், வீடு, பங்கு அதில் வராது. நம் ஆட்கள் பின்தங்கியது அங்கேதான். மூன்று தலைமுறை சம்பளம் வாங்கியும் நிலப்பட்டா இல்லை. தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராம வளர்ச்சிப் பணமும் உள்ளே வரவில்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற காலத்தில், நம்ம ஊர் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். சம்பள உயர்வை விட அதுதான் பெரிய காரியம் என்பேன்.

அந்தச் சங்கத்தில் தாத்தாவின் பங்குச் சான்று இருக்கிறது. அவர் இறந்துவிட்டார்.

தூக்கிப் போடாதே! இறப்புச் சான்றிதழோடு கோலாலம்பூர் விஸ்மா துன் சம்பந்தனுக்குப் போய், வாரிசாக யார் பெயர் கொடுத்திருக்கிறார் என்று முதலில் கேள்.